மாமியார் வீட்டு ஹார்டு டிஸ்கை நான் சாகடித்த கதை

பெண் வீட்டில் போய், கம்ப்யூட்டர் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீச்சல் தெரியும் என்று சொன்னால்கூட யாரும் உடனே கடலில் தள்ளிவிட மாட்டார்கள்.

எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் அப்போது நிச்சயம் மட்டும்தான் ஆகியிருந்தது. திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் லாரி நம்பர்களைத் தட்டிக்கொண்டிருந்த நான், ராயபுரத்தில் அவள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை. (நானே கிளப்பிவிட்டதுதான்.) அன்று மாமா, அத்தையின் கல்யாண நாள். சர்ச்சில் பூசை முடிந்து, சொந்தக்காரர்களோடு அவர்களுடைய பழைய கல்யாண வீடியோவைப் பார்ப்பதாக ஏற்பாடு. கேசட் பூசணம் பிடித்துப் போனதால், வீடியோ இருந்தது ஒரே ஒரு ஹார்டு டிஸ்கில்.

உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று அத்தை முக்கியமான பொருளையெல்லாம் அரிசி டின்னில் புதைத்து வைப்பார். டிஸ்கும் அங்கிருந்துதான் வந்தது.

"வயரும் உள்ளதான் எங்கியோ கீது. இரு, துழாவி எட்த்துத் தரேன்."

"வேணாம் அத்தை, எங்கிட்டயே இருக்கு" என்று என் போன் வயரை உருவினேன்.

சொருகினேன். டிஸ்கில் விளக்கு எரிந்தது. லேப்டாப் மட்டும், யார் வீட்டு விருந்தாளியோ என்று கம்மென்று இருந்தது. பிடுங்கிச் சொருகினேன், அந்தப் பக்கம் சொருகினேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன், வாயால் ஊதினேன். (ஊதினால் என்ன ஆகும் என்று இன்றுவரை தெரியாது.)

"இன்னா மாப்ள, படம் எப்போ?" என்றார் மாமா.

தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "டிஸ்க் செத்துப்போச்சு மாமா. அரிசித் தூசு உள்ள போயிருக்கு" என்றேன்.

"ஐயோ, எங்கப்பா என்னக் கையப் புட்ச்சி கோயிலுக்கு இட்டாந்தது அதுல மட்டுந்தானே கீது! நானே சாவடிச்சிட்டேனே!" என்று அத்தை உட்கார்ந்துவிட்டார். அந்த அப்பா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகியிருந்தன. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து அத்தைக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒரு பெரியம்மா டிஸ்கைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அழுதாலும் வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டுமே. மூக்கைச் சிந்தியபடி அத்தை அரிசி அளக்கப் போனார். படியோடு சேர்ந்து டிஸ்கின் சொந்த வயரும் வந்தது. ஸ்டெல்லா அதை வாங்கிச் சொருகினாள். டிங் என்றது லேப்டாப். அடுத்த நிமிடம் திரையில் அத்தையின் அப்பா மகளைக் கைப்பிடித்து நடந்து வந்தார்.

"உன்னுது வெறும் சார்ஜ் ஏத்துற வயரு" என்றாள் ஸ்டெல்லா, தெருவுக்கே கேட்கும்படி.

அப்படியும் எனக்குப் பெண் கொடுத்தார்கள். போன மாதம் மாமாவுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கண்மூடிக் கிடந்தவரைப் பார்த்து நிஜமாகவே பயந்துபோய், "மாமா, மாமா" என்று உலுக்கினேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அவசரப்பட்டு சொல்லிடாத மாப்ள. வயர மாத்திப் பாரு."