லித்தியத்தின் ஆயுசு

இனிமேல் இந்த வீட்டிலிருந்து என்னுடைய துரும்புகூட வெளியே போகக் கூடாது என்று ஒரு வியாழக்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். சத்தமாக எடுக்கவில்லை. என் மனைவி பரக்கத் நிஷா பக்கத்து அடுப்படியில்தான் இருந்தாள்.

சபதத்துக்குக் காரணம் அவள் தம்பி ரியாசுதீன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கோட்டைப்பட்டினத்திலிருந்து மீனோடு எங்கள் திருமயத்துக்கு வருவான். தங்கமான பையன். ஒரே ஒரு கெட்ட பழக்கம். எதையாவது பார்த்து, "நல்லாருக்கே மச்சான்!" என்பான். உடனே என் மனைவி, "எடுத்துக்கடா தம்பி" என்பாள். துபாய் வெயிலில் காய்ந்து நான் வாங்கி வந்த கம்பளி அப்படித்தான் போயிற்று. மடக்குக் குடையும் அப்படியே. குடை விஷயத்தில் மட்டும் அவன் பெருந்தன்மையைச் சொல்லத்தான் வேண்டும். அடுத்த தடவை வரும்போது, லாத்தாவுக்கு, அதாவது தன் அக்காவுக்கு என்று அதே நிறத்தில் ஒரு குடை கொண்டுவந்து கொடுத்தான். அது உம்மா வீட்டுக் குடையாம். மழையில் நான் நனைந்தாலும் அவள் தொட விடமாட்டாள்.

இப்போது ஆபத்தில் இருந்தது என் டார்ச். கட்டைவிரல் அளவுதான். ஆனால் விடியுமுன் சுபுஹு தொழுகைக்குப் போகும் வழியில் தெரு நாய்களிடமிருந்து என் கால்களைக் காப்பாற்றுவது அதுதான். டார்ச்சை ஐந்தே நிமிடத்தில் வாங்கிவிட்டேன். அதற்கு பேட்டரி தேர்ந்தெடுக்க ஒரு வாரம் ஆயிற்று. புதுக்கோட்டையில் கடை வைத்திருக்கும் சிவபிரகாஷ் கடைசியில் என்னைக் கண்டாலே ஷட்டரில் கை வைக்க ஆரம்பித்தான்.

"இந்தாங்கண்ணே, ஐயாயிரம் எம்ஏஎச். கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

"தக்கனூண்டு பேட்டரிக்குள்ள ஐயாயிரமா? எண்ணூறு இருந்தாலே அதிசயம். கையில வச்சா காத்தாட்டம் இருக்கு. போலி."

"அப்ப இது?"

"தலை மொட்டையா இருக்கே. என் டார்ச்சுக்குக் குமிழ் வச்ச தலைதான் சேரும்."

"இந்தாங்க, குமிழு. உள்ள பாதுகாப்பு சர்க்யூட்டும் இருக்கு."

"சர்க்யூட் இருந்தா நீளம் கூடுமே. மூடி திருகுமா?"

"அண்ணே, பொண்ணு பாக்கப் போனப்பகூட நீங்க இம்புட்டு யோசிச்சிருக்க மாட்டீங்க."

உண்மைதான். யோசித்திருந்தால்... வேண்டாம், அதை மனதுக்குள்கூட நான் முடிப்பதில்லை.

ஒருவழியாக ஒன்று அமைந்தது. பார்வைக்குச் சுவர்க் கடிகாரத்துப் பேட்டரி போலவே இருக்கும். கடிகாரத்தில் போட்டால் கடிகாரம் காலி, அவ்வளவு வீரியம். வீட்டுக்கு வந்ததும் மனைவியை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன்.

"இதச் சாவி, சில்லறையோட சேத்து வைக்கக் கூடாது. ஷார்ட்டாகித் தீப்புடிச்சுக்கும். அடுப்புப் பக்கம் ஆகாது. பரண்ல சூடு. ஜன்னல்ல வெயிலு. ஃபிரிட்ஜ்ல ஈரம். டப்பால போட்டு, இருட்டா, குளுமையா ஒரு எடத்துல வைக்கணும்."

"சரிங்க. சாயங்காலம் ஆட்டுக் கொட்டாய அடைக்கப் போறப்ப அந்த லைட்டக் கொஞ்சம் குடுங்க. நேத்து ஒரு சாரை குறுக்க போச்சு."

"ஆட்டுக்கெல்லாமா? சும்மா சும்மா எரிச்சா லித்தியத்தோட ஆயுசு கொறைஞ்சுரும்."

"அப்ப என் ஆயுசு?"

"ஒன் போன்லதான் லைட் இருக்குல்ல?"

அவள் என் டார்ச்சை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

திட்டம் இதுதான். சிவபிரகாஷிடம் கெஞ்சி, அதே கம்பெனி, அதே நிறத்தில் ஒரு செத்த பேட்டரி வாங்கிவந்தேன். மச்சினன் வரும் நாளில் டார்ச்சுக்குள் செத்தது இருக்கும். எரியாத டார்ச்சை எவன் நல்லாருக்கு என்பான்? உயிருள்ளதை டப்பாவில் போட்டு, பீரோவின் அடித்தட்டில் என் கல்யாணக் கோட்டின் பைக்குள் ஒளித்தேன். அந்தக் கோட்டுக்குள் நானே நுழைந்து பல வருஷமாகிறது. வேறு யார் கை நுழையப்போகிறது?

வெள்ளிக்கிழமை காலையில் டார்ச்சை அமுக்கிப் பார்த்தேன். எரியவில்லை. எரியாத ஒரு டார்ச்சைப் பார்த்து மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டதை ஊர் கண்டிருக்காது. நிம்மதியாக ஜும்மாவுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் கொடுவா மீன் ஆணம் மணக்கிறது. ரியாசுதீன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். சாப்பாடு முடிந்ததும் அவன் கண் மேஜைமேல் போயிற்று. அது போவதற்காகத்தானே டார்ச்சை அங்கே வைத்திருந்தேன்!

"என்ன மச்சான், புது டார்ச்சா?"

"அத ஏன் கேக்குற! பேருக்குத்தான் டார்ச். மின்மினிப்பூச்சிகூட இத விட நல்லா எரியும். ஏமாந்துட்டேன்டா."

"அப்புடியா?"

"நீயே பாரு" என்று என் மூக்குக்கு நேரே பிடித்து அமுக்கினேன்.

அல்லாவே! சித்தன்னவாசல் பாறையில் சித்திரை உச்சி வெயிலை நிமிர்ந்து பார்த்தது போல் ஆகிவிட்டது. கண்ணுக்குள் பச்சையும் ஊதாவும் வட்டம் வட்டமாகச் சுற்றின. அந்த வட்டங்களுக்கு அப்பாலிருந்து இரண்டு குரல்கள் கேட்டன.

"நல்லாருக்கே மச்சான்!"

"எடுத்துக்கடா தம்பி."

கண் பார்வை திரும்பியதும் மனைவியை அடுப்படிக்குள் மடக்கினேன்.

"கோட்டுப் பையில இருந்தது ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"நீங்கதாங்க சொன்னீங்க."

"நானா?"

"அடுப்படி ஆகாது. பரண் ஆகாது. ஜன்னல் ஆகாது. ஃபிரிட்ஜ் ஆகாது. சாவி, சில்லறை கெடக்குற எடமும் ஆகாது. இந்த வீட்ல மிச்சம் என்ன இருக்கு? பீரோதான். அதுல என் சேலைப் பக்கம் கைய வைக்க ஒங்களுக்குத் தைரியம் கெடையாது. நீங்க ஜும்மாவுக்குப் போனப்ப டார்ச்ச அமுக்கிப் பாத்தேன், எரியல. உசுருள்ளத அதுல போட்டுட்டு, செத்தத கோட்டுக்குள்ள வச்சுட்டேன். டப்பாலதான் வச்சிருக்கேன், பயப்படாதீங்க."

எனக்கு அழுகையே வந்தது. ரியாசுதீன் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். கையில் என் டார்ச். ஒரு நிமிடம், அவன் மனசாட்சி விழித்துக்கொண்டது என்றே நினைத்தேன்.

"லாத்தா, இந்தா. உம்மா வூட்டுலேருந்து ஒனக்குன்னு குடுக்குறது."

"எதுக்குடா இதெல்லாம்?" என்று வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டாள்.

"டேய், அது என் டார்ச்சுடா!"

"எனக்குக் குடுத்துட்டீங்கல்ல மச்சான்? கடலுக்குப் போறவன்ட்ட இல்லாத லைட்டா? லாத்தாதான் நல்லாருக்குன்னு சொல்லச் சொல்லுச்சு."

அப்போதுதான் குடை விளங்கிற்று.

"அப்ப கம்பளி?"

"அது மட்டும் நெசமாவே நல்லாருந்துச்சு மச்சான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

அன்று மாலை ஆட்டுக் கொட்டகை பட்டப்பகல் மாதிரி ஜொலித்தது. ஆடுகள் தூங்காமல் முழித்துக்கொண்டு நின்றன.

மறுநாள் சுபுஹுக்குக் கிளம்பும்போது தெருவில் நாய் குரைத்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"நிஷா, பள்ளிவாசல்வரை அந்த டார்ச்ச எடுத்துக்கட்டுமா?"

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஒங்க போன்லதான் லைட் இருக்குல்லங்க? சும்மா சும்மா எரிச்சா லித்தியத்தோட ஆயுசு கொறைஞ்சுரும்."