எதிர் வீட்டுக்கு ஒரு படம் அனுப்பிய வரலாறு

மனித குலம் ஒருவருக்கொருவர் எதையாவது காட்டிக்கொள்ளத் தொடங்கிய நாளிலிருந்து நடந்த முயற்சிகளில் தலையாயது எங்கள் அலுவலகத்தில்தான் நடந்தது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். மற்றதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. என் ஞாபகம் அப்படி. கூட்ட அறையின் மேசை வட்டமா, நீள்வட்டமா என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது. அதன் வடிவத்தைப் பற்றிப் பல கூட்டங்கள் நடந்ததால் மனதில் பல மேசைகள் நிற்கின்றன. எதிர் வீட்டு பால்கனியில் நீட்டிக்கொண்டிருந்தது இடது காலா, வலது காலா என்றும் தெரியவில்லை. மாவுக்கட்டு போட்ட கால் என்பது மட்டும் நிச்சயம். அதை ஜன்னல் வழியாக நாங்கள் எல்லோரும் தினமும் பார்த்தோம்.

பயணம் போனவர்கள் தங்கள் படங்களை உற்றார் உறவினருக்குக் காட்ட ஓர் இணையதளம் செய்துகொண்டிருந்தோம். பெயர் 'போயிட்டு வந்தேன்'. இந்தப் பெயர் ஒரே கூட்டத்தில் முடிவானது. அந்த அவசரத்துக்காக எங்கள் முதலாளி பிறகு பலமுறை வருந்தினார். முதலாளி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. 'நிறுவனர்' என்று சொல்லவேண்டும்.

நிறுவனருக்குக் கீழே மூன்று பேர். டிசைனரை 'வண்ணம்' என்று கூப்பிடுவோம். வெள்ளையில் எத்தனை வகை என்று கேட்டால் அந்தப் பெண் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுவார். புரோகிராம் எழுதுகிறவருக்கு 'ரெண்டு நாள்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். மூன்றாவது ஆள் நான். பொத்தான்களின் மேல் வரும் சொற்களுக்கு நான் பொறுப்பு. அதிகம் பேசாதவன் என்பதால் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. 'சரி' என்ற சொல்லை எழுதிவிட்டு மாலைவரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் நிறுவனர் கூட்ட அறைக்குள் வந்து நின்றுகொண்டே பேசினார்.

"நாம யாருக்காகச் செய்யறோம்?"

"யூசருக்காக சார்" என்றார் வண்ணம்.

"அந்த யூசரை யாராவது நேர்ல பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டோம்.

"நாளைக்குக் கூட்டிட்டு வரேன்."

மறுநாள் பயனர் வந்தார். நிறுவனரின் பெரியத்தை. கையில் போன், தோளில் துணிப்பை, முகத்தில் அப்போதுதான் மலையும் ஏரியும் பார்த்துவிட்டு வந்த களை. பெரியத்தையும் சின்னத்தையும் எந்த ஊருக்குப் போனாலும் சேர்ந்தே போகிறவர்கள். இந்த முறை கிளம்புவதற்கு முந்தைய நாள் சின்னத்தை தன் சூட்கேஸிலேயே தடுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். டிக்கெட்டைத் திருப்பித் தரமாட்டார்கள் என்பதால், "நீயாவது போ, எல்லாத்தையும் படம் புடிச்சிட்டு வந்து காட்டு" என்று அக்காவை அனுப்பிவைத்தார். அவர் குடியிருந்தது எங்கள் அலுவலகத்துக்கு நேர் எதிர் வீடு. பால்கனியில் நீட்டியிருந்த கால் அவருடையதுதான்.

"இன்னும் அவகிட்ட ஒண்ணும் காட்டலடா. இறங்கினதும் நேரா உன்கிட்டதான் வரேன்" என்றார் பெரியத்தை.

நிறுவனரின் கண்கள் பளபளத்தன. "காட்டாதீங்க அத்தை. சத்தியமா காட்டாதீங்க. நம்ம சைட்ல வர்ற முதல் படம் உங்களோடதா இருக்கணும். அதை முதல்ல பாக்கறது சின்னத்தையா இருக்கணும். பாக்கும்போது அவங்க மூஞ்சி எப்படி மலருதுன்னு வீடியோ எடுத்துப் போடுவோம். உலகமே பாக்கும்."

"எத்தனை நாளாகும்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"ரெண்டு நாள்" என்றார் ரெண்டு நாள்.

தூக்கி வளர்த்த பிள்ளையின் தொழில் விஷயம். பெரியத்தை சத்தியம் செய்துகொடுத்தார்.

படங்களைக் கூட்ட அறையின் பெரிய திரையில் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் பெரியத்தை ஓர் ஓரத்தில் நின்றார். இன்னொரு பக்கம் காலியாக இருந்தது. ஏரிக்கரை பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தார், மீதி பெஞ்சு காலி. படகில் பக்கத்து சீட்டு காலி.

"என்னம்மா, பாதிப் படம் சும்மாவே இருக்கு?" என்றார் வண்ணம்.

"அது அவ இடம்மா. எப்பவும் எனக்கு அந்தப் பக்கம்தான் நிப்பா. படம் எடுத்துக் குடுத்தவங்ககிட்ட எல்லாம் அந்தப் பக்கம் இடம் விட்டு எடுக்கச் சொன்னேன். இதுல நீ இங்க நின்னிருப்பே, அதுல நீ அங்க உக்காந்திருப்பேன்னு சொல்லிச் சொல்லிக் காட்டணும். தான் வரலைன்னு அவளுக்குத் தோணக்கூடாது பாரு."

எல்லோரும் திரையிலிருந்த காலிப் பெஞ்சையே பார்த்தோம். நான் மௌனங்களை ரசிப்பவன். இது நல்ல மௌனம். வண்ணத்தின் கண்கள் கலங்கின. அவர் எழுந்துபோய் வெள்ளைப் பலகையில் 'உணர்ச்சி' என்று எழுதி அடிக்கோடு போட்டார். பிறகு டீ வந்தது.

அன்றிலிருந்து பயனர் சொல்வதே சட்டம். அத்தைக்குப் புரியாத எதுவும் தளத்தில் இருக்கக்கூடாது என்று நிறுவனர் அறிவித்தார். அத்தை திரை முன்னால் உட்கார்வார். நாங்கள் பின்னால் நின்று மூச்சுவிடாமல் பார்ப்போம்.

"ஏண்டா, இது என் பொறந்த தேதியைக் கேக்குது. மாப்பிள்ளை பாக்கப்போகுதா?"

பிறந்த தேதி நீக்கப்பட்டது.

"இந்தப் பல்சக்கரம் எதுக்கு?"

"அது செட்டிங்ஸ் அத்தை."

"சும்மா சுத்திக்கிட்டிருக்கு. கண்ணு வலிக்குது."

சக்கரம் நீக்கப்பட்டது. நான் அரும்பாடுபட்டு எழுதியிருந்த 'மேலும் அறிய' என்ற சொற்களைப் பார்த்து, "எனக்கு இதுவே போதும்" என்றார். அதுவும் போனது. அன்று வீட்டுக்குப் போய் நான் யாரிடமும் பேசவில்லை. வழக்கமாகவே பேசுவதில்லை என்பதால் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பொத்தான். படத்தை ஏற்றுவதற்கானது. அதன்மேல் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

"இது ஏன் மேல காட்டுது?" என்றார் பெரியத்தை. "அவ கீழதான இருக்கா. நாம மூணாவது மாடி, அவ முதல் மாடி."

எந்த நாட்டு வல்லுநரும் கேட்காத கேள்வி என்று நிறுவனர் சொன்னார். அம்புக்குறி, படத்தைப் பெறுகிறவர் இருக்கும் திசையைத்தான் காட்டவேண்டும் என்று ஒருமனதாக முடிவானது. அம்பு கீழே திரும்பியது. கீழே என்றால் படம் தங்கள் கணினிக்கு இறங்கி வருகிறது என்று பக்கத்து அலுவலகத்துக்காரர்கள் நினைத்தார்கள். அதனால் ஜன்னல் பக்கமாக, சாய்வாக வைத்தோம். அது மிகச் சரியாகச் சின்னத்தையின் பால்கனியைக் காட்டியது. கைதட்டிக் கொண்டாடினோம். மறுநாள் தரையைக் கூட்டுகிறவர் மேசையை நகர்த்திவிட்டார். அம்பு கழிப்பறையைக் காட்டியது.

"மேசையைப் பழையபடி வைன்னு சொல்லணும் சார்" என்றேன் நான். அந்த மாதம் நான் கூட்டத்தில் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"எல்லா யூசர் வீட்லயும் போய் மேசையை நகத்துவியா?" என்றார் நிறுவனர். "மேசை எந்தப் பக்கம் இருந்தாலும் அம்பு ஆளைப் பாத்துத் திரும்பணும். எத்தனை நாளாகும்?"

நேரத்தை வீணாக்காமல் நாங்கள் எல்லோருமே சேர்ந்து பதிலைச் சொன்னோம்.

அந்த இரண்டு நாள் வளர்ந்துகொண்டே போனபோது, ஜன்னலுக்கு வெளியே வேறொன்று நடந்தது. ஆரம்பத்தில் சின்னத்தை பால்கனியிலிருந்து குரல் கொடுப்பார்.

"அக்கா, படம் எங்க?"

பெரியத்தை எங்கள் ஜன்னலில் தலையை நீட்டுவார். "வெப்சைட்ல வருதுடி."

"கையிலதான போன் வெச்சிருக்கே. இப்படி வந்து காட்டிட்டுப் போனா என்ன, தேஞ்சா போயிடும்?"

"சத்தியம் பண்ணிட்டேன்டி. இவன் பொழப்பு."

"அவன் பொழப்பா? நான் இல்லாம நல்லா ஊர் சுத்தியிருக்கே. அதை நான் பாத்தா வயிறெரிவேன்னு மறைக்கறே. போ."

நாளாக நாளாகக் குரல் வரவில்லை. பிறகு ஒருநாள் நாற்காலி திரும்பியிருந்தது. இப்போது எங்கள் பக்கம் சின்னத்தையின் முதுகு. கால் தெரியவில்லை. பெரியத்தை அன்று திரை முன்னால் உட்கார்ந்து எதையும் குறை சொல்லவில்லை. அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டேய், அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாடா."

"ரொம்ப நல்லது அத்தை. எதிர்பார்ப்பு ஏறுது."

"நீங்க இந்த அம்பைத் திருப்பறதுக்குள்ள அவ வேற வீட்டுக்கே போயிடுவா."

நிறுவனர் ரெண்டு நாளைப் பார்த்தார். "அதையும் யோசிக்கணும். ஆள் வீடு மாத்தினா அம்பு என்ன பண்ணும்?"

வெளியீட்டு நாள் ஒருவழியாக வந்தது. சின்னத்தையின் பால்கனியில் விழா. நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிவைத்து அதில் சின்னத்தையை உட்கார வைத்திருந்தோம். அவர் வேண்டாவெறுப்பாகச் சம்மதித்திருந்தார். ஒரே ஒரு சிக்கல். மாவுக்கட்டை எப்போதோ பிரித்துவிட்டிருந்தார்கள். அவர் நன்றாக நடந்துகொண்டிருந்தார்.

"கட்டு இல்லாம எப்படி சார்?" என்றார் வண்ணம். "சைட்டோட வெள்ளையே அந்தக் கட்டைப் பாத்து எடுத்ததுதான்."

நிறுவனர் குளியலறையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துவந்து அத்தையின் காலில் சுற்றத் தொடங்கினார்.

"டேய், எனக்குக் கால் சரியாயிடுச்சுடா."

"வீடியோவுக்கு அத்தை. ஒரு நிமிஷம் வலிக்கற மாதிரி இருங்க. படம் வந்ததும் மலர்ந்துடுங்க."

எதிரே, மூன்றாவது மாடி ஜன்னலில், பெரியத்தை பொத்தானை அழுத்தினார். சின்னத்தையின் மடியிலிருந்த கணினியிலும் அம்புக்குறி ஒருமுறை சுழன்று, யோசித்து, சரியாக எங்களை நோக்கி நின்றது. அதே திரையில் ஏரிக்கரைப் படம் பளிச்சென்று வந்தது.

முகம் மலரவில்லை.

நானும் எட்டிப் பார்த்தேன். படம் முழுவதும் பெரியத்தை இருந்தார். ஓரத்தில் அல்ல, நட்டநடுவில். பெஞ்சின் காலி இடத்தைக் காணோம். அடுத்து வந்த படத்தில் படகின் காலி சீட்டைக் காணோம். தளத்தில் வீணான இடமே இருக்கக்கூடாது என்று வேறொரு கூட்டத்தில் முடிவெடுத்திருந்தோம். படத்தில் ஆளில்லாத பகுதியைத் தானாகவே வெட்டிவிடும் வசதியை ரெண்டு நாள் சொன்னபடி இரண்டே நாளில் செய்து முடித்திருந்தார். அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதான் நேரத்துக்கு முடிந்த வேலை. அந்தக் கூட்டத்தின்போதும் 'உணர்ச்சி' என்ற சொல் பலகையில் அடிக்கோட்டுடன் அப்படியே இருந்தது.

"பாத்தியாடா?" என்றார் சின்னத்தை மெதுவாக. "நான் நிக்க ஓர் இஞ்ச் இடம் இல்ல. மகாராணி மாதிரி பெஞ்சு பூரா அவளே. இதைக் காட்டத்தான் இத்தனை நாளா?"

"சூப்பர் அத்தை. இப்ப மலருங்க" என்றார் நிறுவனர்.

அடுத்து நடந்தது பயனர் ஒழுங்கு விதிகளுக்கு முற்றிலும் விரோதமானது. ஜன்னலிலிருந்து தங்கையின் முகத்தைப் பார்த்த பெரியத்தை, வெளியீட்டு விழா முடிவதற்குள் எழுந்துவிட்டார். மாடிப்படி இறங்கினார். தெருவைக் கடந்தார். ஒரு சைக்கிள்காரர் அவரைத் திட்டியதுகூட எங்களுக்குக் கேட்டது. பால்கனிக்கு வந்து, எங்கள் கணினியைத் தங்கையின் மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, தன் போனை அவர் கையில் கொடுத்தார்.

"இதைப் பாருடி. பெஞ்சில யாரு இல்ல?"

சின்னத்தை பார்த்தார். விரலால் தள்ளினார். அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததை.

"இது என்ன, எல்லாத்துலயும் ஓட்டையா இருக்கு?"

"ஓட்டை இல்ல. நீ."

சின்னத்தை மறுபடியும் முதல் படத்துக்கே போய் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். என் அனுபவத்தில் அதுதான் சிறந்த மௌனம். பிறகு படகுப் படத்தை உற்றுப் பார்த்து, "நான் ஜன்னலோர சீட்டுலதான உக்காருவேன். அதை ஏன் நீ புடிச்சிக்கிட்டே?" என்றார்.

"படகுல ஏதுடி ஜன்னல்?"

"இருந்தா அதுதான என் பக்கம்?"

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். முகங்கள் நிறுவனர் கனவு கண்டபடியே மலர்ந்தன. ஆனால் வண்ணம் அப்போது, தரையில் வைக்கப்பட்ட கணினியில் அம்புக்குறி எந்தத் திசையில் நிற்கிறது என்பதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

இனி, எல்லோரும் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். நிறுவனர் 'பயனர் பேச்சைக் கேட்பது எப்படி' என்ற தலைப்பில் மேடைகளில் பேசிவருகிறார். கேள்வி நேரம் கிடையாது. வண்ணம் ஒரு பல் மருத்துவமனைக்கு வெள்ளை தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார். ரெண்டு நாள் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்துவிடும், எத்தனை நாளில் என்று அவரே சொல்லிவிட்டார். நான் ஒரு வங்கியின் பொத்தான்களுக்குச் சொற்கள் எழுதுகிறேன். இப்போது 'பின்செல்' என்பதில் இருக்கிறேன். அத்தைகள் இருவரும் அதே ஏரிக்குப் போய், அதே பெஞ்சில், இடம் விடாமல் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். அந்தப் படத்தை யாருக்கும் காட்டவேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை. நாங்கள் எடுத்துப்போன துண்டு மட்டும் திரும்பி வரவில்லை என்று சின்னத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எங்கள் தளம் பெரும் சாதனை என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. நாங்கள் வேலையைத் தொடங்கியபோது அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஒரு தெரு மட்டுமே இருந்தது. மீதித் தூரம் முழுவதும் எங்கள் வடிவமைப்பு.