குதிகாலுக்கு ஓர் அங்குலம்

"ஒட்டின எலும்பை ஆப்பு மாதிரி வெட்டி எடுத்து, பாதத்தை நேரா வச்சு மறுபடி ஒட்டணும். நாலு மாசம் படுக்கை. கூட யார் இருப்பாங்க?" என்று பெங்களூர் டாக்டர் அன்றைக்குக் கேட்டார். "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றார் திம்மராயன்.

யோசித்து மூன்று வருஷமாகிறது.

ஓசூர் புளி மண்டியில் எடை போடுகிறவர் அவர். வயது நாற்பது. வீட்டில் பேச்சுக் குரல் கேட்கவேண்டுமானால் அவரேதான் பேசிக்கொள்ள வேண்டும். வண்டிச் சக்கரம் ஏறிய கணுக்காலை எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒட்டவைத்தபோது பாதம் கீழ்நோக்கியே இறுகிவிட்டது. அதன்பின் குதிகால் தரையைத் தொட்டதில்லை.

டாக்டரை விட்டுவிட்டுச் செருப்புக்கடை வெங்கடசாமியிடம் போனார். கடையில் அளவெடுத்துத் தைப்பவள் அவன் தங்கை செல்லி. கணவனை இழந்தவள், தலை நிமிராதவள். "எங்க வலிக்குதுங்க?" என்பாள். வாரம் முழுக்க அவரை அப்படிக் கேட்ட வேறு ஆள் கிடையாது.

முதல் செருப்பில் குதியை உயரமாக வைத்தாள். திம்மராயன் புளிக் குவியலில் குப்புற விழுந்தார். குறைத்துத் தந்தாள், முழங்கால் பின்னால் வளைந்தது. மறுபடி ஏற்றினாள்; அந்தக் கால் நீண்டுவிட்டது. அதற்கு ஈடாக மறுகால் செருப்பையும் உயர்த்தினாள். இப்போது மண்டி நிலைப்படி தினமும் அவர் நெற்றியைப் பதம் பார்த்தது.

அந்த உயரத்தோடுதான் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக் கடைக்குப் புளி சாம்பிள் கொண்டுபோய்க் காட்டிவிட்டு பஸ்ஸில் திரும்பினார். ஜூஜுவாடி சோதனைச்சாவடியில் மதுவிலக்குப் போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் விட்டுவிட்டு அவர் காலையே பார்த்தார்.

"உள்ள எத்தனை பாட்டில்யா?"

"எலும்புதானுங்க உள்ள."

நம்பவில்லை. இரண்டு செருப்பின் குதியையும் அடுக்கடுக்காகப் பிளந்து, முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

தோல் துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு நொண்டியபடியே கடைக்கு வந்தார் திம்மராயன். வெங்கடசாமி மத்தூர் சந்தைக்குப் போயிருந்தான். செல்லி மட்டும் இருந்தாள். அவருக்கு என்ன தோன்றியதோ, டாக்டர் சொன்னதையும், கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லாததால் போகாமலிருப்பதையும் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார்.

"விடு, செல்லி. இன்னொரு ஜோடி தைச்சுக் குடு."

அவள் ஊசியைக் கீழே வைத்து, நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சரியாத் தைச்சா அப்புறம் வரமாட்டீங்கன்னுதான் மூணு வருஷமா வேணும்னே கோணலாத் தைச்சேன், காலை நேராக்கிக்குங்க, கூட நான் இருக்கறேன், என்னைக் கட்டிக்கறீங்களா?"