முக்கோணத்துக்கு டாலரன்ஸ்

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்றெண்பது டிகிரி வரும் என்ற உண்மையை, ‘டாலரன்ஸுக்குள் இருக்கிறது’ என்று சொல்லிப் பாஸ் செய்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். ஒரு ஏழாம் வகுப்பு முழுவதும் இதற்குச் சாட்சி. தலைமையாசிரியை கூடுதல் சாட்சி.

நான் பனியன் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்ப்பவன். லாட்டில் கைக்கு வந்த சில பீஸ்களை எடுத்து, டேப் வைத்து அளந்து, அரை சென்டிமீட்டர் கூடக்குறைய இருந்தால் பெருந்தன்மையோடு மன்னித்து, மொத்த லாட்டுக்கும் கையெழுத்துப் போடுவது தொழில். (அந்தப் பெருந்தன்மைக்குத்தான் டாலரன்ஸ் என்று பெயர். அது இல்லாவிட்டால் திருப்பூரிலிருந்து ஒரு பனியன்கூட வெளியே போகாது.)

என் மனைவி சுமதி நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். திரையில் இருக்கும் முக்கோணத்தைப் பிள்ளைகளே பிடித்து இழுத்து, நகர்த்தி, திருப்பி, ‘ஏன் இப்படி வருது?’ என்று தாங்களே காரணம் கண்டுபிடிக்கும் வகுப்பு வேண்டும், அதற்கு வாரம் ஒரு பீரியட் வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவழியாகத் தலைமையாசிரியை, “ஒரு வகுப்பு நடத்திக் காட்டுங்க டீச்சர், பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார். நடத்திக் காட்ட வேண்டிய அன்றைக்குக் காலையில் சுமதிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது.

“நான் பேசறேன். நீ பக்கத்துல நின்னாப் போதும்” என்றேன். (வேண்டாம் என்று சொன்னதாக இன்றுவரை சாதிக்கிறாள். குரலே இல்லாதவள் எப்படிச் சொல்லியிருக்க முடியும்?) ஒரு துண்டுச் சீட்டில், ‘புள்ளைங்களைப் பேச விடுங்க. முடிவை நீங்களே சொல்லீராதீங்க’ என்று எழுதிக் கொடுத்தாள். பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அங்கேயே இருந்தது.

வகுப்பில், திரையிலிருந்த முக்கோணத்தின் முனையை மவுஸால் பிடித்து இழுத்தேன். ஒல்லியானது, குண்டானது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திரை காட்டிய கோணங்களைப் பிள்ளைகள் கோரஸாகக் கூட்டினார்கள். ஐந்து தடவையும் நூற்றெண்பது.

“அஞ்சு பீஸ், அஞ்சும் ஓகே. நிரூபிச்சாச்சு கண்ணுகளா!”

இரண்டாம் பெஞ்சில் பூஜா எழுந்தாள். அப்பா பீகாரிலிருந்து வந்த கட்டிங் மாஸ்டர். மகளின் பேச்சு அசல் நல்லூர்.

“ஏனுங்க சார், ஆறாவதுல வராமப் போச்சுன்னா?”

“வராம எங்க போகும் சாமி?” என்று ஆறாவது தடவை இழுத்தேன். போய்விட்டது. 62.4, 71.4, 46.3. கோரஸ் தயங்கித் தயங்கிச் சொன்னது: “நூத்தியெம்பது புள்ளி ஒண்ணு.”

(திரை ஒரு தசம இடத்தோடு எண்களைச் சுருக்கிக் காட்டியதால் வந்த பிசகு அது என்பது ராத்திரி சுமதி எழுதிக் காட்டித்தான் தெரிந்தது.) தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுமதி இரண்டு கைகளையும் ஆட்டினாள். ஒரு வருட உழைப்பு என் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாய் பழக்க தோஷத்தில் சொன்னது:

“புள்ளி ஒண்ணுதானே? டாலரன்ஸுக்குள்ளதான் இருக்கு. பாஸ்!”

பாதிப் பிள்ளைகளின் வீட்டில் பனியன் வேலை. சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது.

சுமதி என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கிப் பூஜாவிடம் கொடுத்தாள். அந்தப் பெண் முக்கோணத்தை இரண்டு நகல் எடுத்தாள். ஒன்றை அதே அடிக்கோட்டில் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பி நடுவில் செருகினாள். இடைவெளியே இல்லை.

“துணி வெட்டறப்போ வேஸ்ட் ஆகாம எங்கப்பா அளவு அட்டையை இப்படித்தானுங்க வெப்பாரு. நடுவுல பாருங்க, மூணு விதமான முனையும் ஒரே புள்ளியில சேர்ந்திருக்கு. அடியில நேர்கோடு. எப்படி இழுத்தாலும், திருப்பி வெச்சா இப்படியேதானுங்க உக்காரும். அப்பறம் எதுக்குங்க அளக்கோணும்?”

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுமதியைப் பார்த்தார். “பீரியட் எடுத்துக்குங்க டீச்சர். பேசறதுக்குப் பூஜாவே போதும்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தோசை கருகினாலும், நான் தாமதமாக வந்தாலும் ‘டாலரன்ஸுக்குள்ளதானுங்க’ என்பதுதான் சுமதியின் தீர்ப்பு. போன மாதம் ஒரு நப்பாசையில், வகுப்பு எப்படிப் போகிறது என்று அவளிடம் கேட்டேன்.

“நல்லாப் போகுதுங்க. வருசா வருசம் நீங்க நடத்தின மாதிரியே ஒரு தடவை நடத்திக் காட்டறனுங்க.”

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. “அப்படியா! எதுக்கு?”

“எதெல்லாம் நிரூபணம் இல்லைன்னு புள்ளைங்களுக்குத் தெரியோணுமல்லங்க?”