மாமனாருக்கு வராத கட்டி

எங்கள் கம்பெனியில் அப்பா, அம்மா, மாமனார், மாமியார் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் லீவு உண்டு. நாய்க்கு என்றால் கிடையாது. (வாசலில் 'நாய்கள் ஜாக்கிரதை' போர்டு மட்டும் உண்டு.)

எங்கள் ஜிம்மிக்கு வயதாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது தூங்கும்போது வயிற்றைத் தடவினேன். முடிக்கு அடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. உடனே போனில் தேடினேன். கொஞ்ச நேரத்தில் ஜிம்மிக்குப் புற்றுநோய் என்று முடிவாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் படித்ததும் என் இடுப்பிலும் ஏதோ தட்டுப்பட்டது. (அரைஞாண் முடிச்சு.)

சூளகிரித் தொழிற்சாலையில் நான் தரம் பார்க்கிறவன். இரும்பில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஈவிரக்கமின்றித் தள்ளிவிடுகிற கை, அந்தக் கட்டியை மறுபடி தொடாமல் முடியைத் தடவி மூடிவிட்டது. எங்களோடு இருக்கும், நாய் என்றாலே முகம் சுளிக்கிற மாமனாரிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் சூப்பர்வைசர் நஞ்சுண்டப்பாவிடம், "வீட்ல பெரியவருக்கு வயித்துல கட்டி சார், டாக்டர்கிட்ட காட்டணும்" என்று போனில் சொன்னேன். நாய்க் கணக்கில் ஜிம்மி பெரியவர்தானே.

மாமனார் நடக்கப் போன நேரத்தில் நானும் மனைவி கவிதாவும் ஜிம்மியை ஓசூர் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் ஊசி குத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, வெறும் கொழுப்புக் கட்டி, வயதான நாய்களுக்கு வருவதுதான் என்று அனுப்பிவைத்தார்.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்தால், கூடத்தில் ஆப்பிள் பையோடு நஞ்சுண்டப்பா. நோயாளியைப் பார்க்க வந்தவர், கதவைத் திறந்த மாமனாரின் கையைப் பிடித்து, தைரியமாக இருக்கச் சொல்லி, தன் சித்தப்பாவுக்கும் இதே கட்டிதான் என்று கன்னடமும் தமிழுமாக விளக்கியிருக்கிறார். சித்தப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று மாமனார் கேட்டதற்குக் கூரையைக் காட்டியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

"டாக்டர் என்ன சொன்னாரு மாப்ள?" என்றார் மாமனார், எழுந்து வந்து என் கையைப் பிடித்து.

ஜிம்மி மேல் இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்துபோனேன். "பயப்பட ஒண்ணுமில்ல மாமா. கொழுப்புக் கட்டிதான். பெருசானா அறுத்துடலாம்ங்கறார்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"நேத்து நல்லா தூங்கிட்டிருக்கும்போது வயித்தத் தடவிப் பாத்தேன். அப்பத்தான் தட்டுப்பட்டுச்சு."

மாமனார் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நஞ்சுண்டப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கவிதாவுக்குத்தான் முதலில் புரிந்தது.

"அப்பா, கட்டி ஜிம்மிக்குப்பா" என்றாள்.

ஜிம்மி ஆப்பிள் பையை மோந்து பார்த்தது.

நாங்கள் வருவதற்குள் மாமனார் விருதுநகரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்து, சொத்துச் சண்டையை மறந்து அவனை மன்னித்துவிட்டதாகச் சொல்லி அழுதிருந்தார். அவனும் அழுதானாம். அந்த மன்னிப்பைத் திரும்ப வாங்க முடியாமல் போனதில்தான் அவருக்கு என் மேல் ரொம்பக் கோபம்.

ஜிம்மி சௌக்கியம், கட்டியும் சௌக்கியம். நான் லீவு கேட்டால், பேஷண்ட்டுக்கு எத்தனை கால் என்று நஞ்சுண்டப்பா விசாரிக்கிறார். மாமனார் அறையைத் தாழ்போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். சொந்தக்காரர் யார் வந்தாலும் ஜிம்மியைக் காட்டி நிதானமாக ஆரம்பிப்பார்:

"கட்டி மட்டுந்தான் இதுக்கு. கொழுப்பு பூரா நம்ம மாப்பிள்ளைக்கு."