தூணில் தொங்கிய போன்

காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்க நின்ற இடத்திலேயே லூயிஸின் போன் மறுபடியும் ஹேங் ஆனது. அவர் அதைத் தட்டினார், குலுக்கினார், ஊதியும் பார்த்தார்.

சும்மா விட முடியுமா பின்னே? தேயிலை விலை விழுந்ததில் எஸ்டேட்டுக்கு ஒரு சூப்பர்வைசர் போதும் என்று ஆகிவிட்டது. இருப்பதோ இரண்டு பேர். மேல் டிவிஷனுக்கு லூயிஸ், கீழ் டிவிஷனுக்கு லிங்கசாமி. மேனேஜர் ஆளுக்கொரு போன் கொடுத்தார். முகத்தைப் பார்த்தே வருகை பதிகிற போன். உள்ளே ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் மட்டும் வேறு வேறு. நடுவட்டத்து மழையில் எது படுக்காமல் ஓடுகிறது என்று ஒரு வாரம் பாருங்கள், அதை வைத்துத்தான் யார் இருப்பது என்று முடிவு என்றார். வேலை போனால் எஸ்டேட் வீடும் போகும். மகள் லிஜிக்கு இது பிளஸ் டூ வருஷம் வேறு.

குளிருக்குத்தான் படுக்கிறது என்று தன் மங்கி குல்லாவைக் கழற்றிப் போனுக்கு மாட்டினார். சூடு ஏறியதும் அது விழித்து அப்டேட் கேட்டது. சிக்னலுக்காக அட்டைக்கடியோடு தண்ணீர் டேங்க் மேடுவரை ஏறினார். அப்டேட் ஆன போன், முழு முகத்தையும் காட்டு என்றது. கொழுந்து பறிக்கும் பெண்களோ குளிருக்கு மூக்குவரை துண்டு சுற்றியிருந்தார்கள்.

அவிழ்க்கச் சொன்னதும் அவர்களில் மூக்கம்மா இடுப்பில் கை வைத்தாள். "ஏனுங்க, எனக்குச் சளி புடிச்சா உங்க போனு கசாயம் வெச்சுக் குடுக்குமா?"

கைக்காசில் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வாங்கித் தந்த பிறகுதான் துண்டுகள் அவிழ்ந்தன. அதற்குள் குல்லா இல்லாத லூயிஸுக்குக் கை நடுங்கி, படமெல்லாம் கலங்கியது. கடைசியில் எடைக் கொட்டகைத் தூணில் போனைக் கட்டித் தொங்கவிட்டார். பெண்கள் தாங்களாகவே வந்து முகம் காட்டிவிட்டுப் போனார்கள். அன்றோடு ஹேங் நின்றது. லூயிஸ் ஓரமாக நின்று தும்மிக்கொண்டிருந்தார்.

லிங்கசாமியின் போன் முதல் நாளே செத்துவிட்டது. அந்த மனுஷன் கவலையே இல்லாமல், வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்தார். லூயிஸுக்கு அவர்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை மேனேஜர் தூணையே வெகுநேரம் பார்த்தார். லூயிஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எல்லாம் தானாப் பாத்துக்குதுங்க சார். நான் பக்கத்துல இருக்கோணும்னுகூட இல்லீங்க."

மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார். லூயிஸ் வீட்டுக்குப் போகும் வழியில் கோழிக்கறி வாங்கிக்கொண்டார்.

மனைவி தபித்தாள் கறியை அடுப்பில் ஏற்றும்போது ஜீப் டிரைவர் ராசு வாசலில் வந்து நின்றான். முடிவு ஆச்சா என்று கேட்டார் லூயிஸ்.

"ஆச்சுங்க. லிங்கசாமியண்ணன் போனு ஒண்ணுக்கும் ஆகாதாம், அதனால அங்க ஆளு இருந்தே ஆகோணுமாம். உங்களுதுதான் தானாப் பாத்துக்குதே... சாமானம் ஏத்த ஜீப்பை எப்பக் கொண்டாரட்டுங்க?"