வேட்டுப் போடாத தெருவிலிருந்து பினாங்குக்கு

பறவை பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. பறவையைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. பறவை பார்ப்பதைப் பற்றி வெளிநாடு போய்ப் பேசுபவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் பறவை பறந்துவிடும். இரண்டாம் வகையைக் கண்டுபிடிக்க உங்களுக்குத் தொலைநோக்கி வேண்டாம். சின்னமனூர்ச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் அது அவர் கழுத்தில்தான் தொங்கும்.

மாதிரிக்கு மார்க்கையன்கோட்டைச் சுருளிராஜன் அண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் முழுவதும் கடையில் பூச்சிமருந்து விற்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூச்சி தின்னும் பறவைகளுக்காக வருந்துபவர். பினாங்கிலுள்ள பறவை ஆர்வலர் சங்கம் பேச அழைத்த நாளிலிருந்து, ஊரே வக்கா என்று சொல்லும் நாரையை அவர் லத்தீனில்தான் கூப்பிட்டார். விசா வருவதற்கு முன்பே, "நான் பினாங்குல இருக்கும்போது" என்று பேச்சைத் தொடங்கினார். யாராவது வாழ்த்தினால், "நமக்கெதுக்குப்பா இதெல்லாம்? அவுக விட மாட்டேங்குறாக" என்பார். அவர்கள் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை.

பேச்சின் தலைப்பு: 'வேட்டுப் போடாத தெரு'. அவர் வீட்டு வாசலிலுள்ள புளியமரத்தில் வக்காக்கள் கூடு கட்டுகின்றன. அவை மிரளக் கூடாதென்று அந்தத் தெருவில் தீபாவளிக்குக்கூட யாரும் வெடி போடுவதில்லை; பிள்ளைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மை. பெருமைப்பட வேண்டிய உண்மை.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாட்டுக்குச் சும்மா போய்விட முடியுமா? மச்சினன் ஈஸ்வரபாண்டி, 'பறவைகளின் பாதுகாவலரே, பினாங்கை வென்று வா!' என்று பிளெக்ஸ் அடித்து, அதே புளியமரத்தில் ஆணி வைத்து அறைந்தார். மாலை, பொன்னாடை, மேளம் எல்லாம் ஆனபிறகு சாக்கிலிருந்து பத்தாயிரம் வாலாவை உருவினார்.

அண்ணன் மனைவி பவானி அவர் காதோரம் வந்தார்.

"ஏங்க, மரத்துல குஞ்சு இருக்கு. தம்பிகிட்ட வேணாம்னு சொல்லுங்க."

"ஆசையா வாங்கியாந்திருக்கான். சொன்னா மனசு கஷ்டப்படுவான்."

"அப்ப அங்கன போயி என்னத்தப் பேசுவீக?"

"மெதுவாப் பேசு. டிவிக்காரக நிக்கிறாக."

ஒரு வார்த்தை போதும், ஈஸ்வரபாண்டி நிறுத்தியிருப்பார். ஆனால் தனக்காக வெடிக்கும் வேட்டை நிறுத்தச் சொல்லும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கிறது? வக்காக்கள் மொத்தமாக எழும்பி, வாய்க்காலைத் தாண்டி, வயலைத் தாண்டிப் போயின. அண்ணனும் கும்பிட்டபடி காரில் ஏறினார். அவர் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார், அவை சொல்லவில்லை.

பினாங்கில் பேச்சு அமர்க்களம். வேட்டுப் போடாத தெருவுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். கடைசியில் ஓர் அம்மையார் கேட்டார்: "அடுத்த வாரம் நாங்கள் பத்துப் பேர் வந்து பார்க்கலாமா?"

"தாராளமாக" என்ற அண்ணன், மேடையிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குப் போன் போட்டார்.

"பவானி, மரத்துல இருக்கா?"

"கூடு இருக்கு."

"வக்கா?"

"அன்னைக்குப் போனதுதான். குஞ்சுக கத்திக் கத்திப் பாத்துச்சுக. நேத்திலேருந்து சத்தமில்ல."

"பத்துப் பேர் வாராகளே!"

"வரட்டும். ஒங்க பிளெக்ஸக் காட்டுங்க."

போன் கைமாறியது. "கவலைப்படாதீக மச்சான்" என்றார் ஈஸ்வரபாண்டி. "வெளிநாட்டுக்காரகளுக்கு வரவேற்பு ஒரு குறையும் இருக்காது. இருபதாயிரம் வாலாவுக்குச் சொல்லிட்டேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களுக்கும் ஒருநாள் மாலை வரும். நீங்கள் எதைப் பற்றிப் பேசக் கிளம்புகிறீர்களோ, அதற்கு அடியிலேயே உங்கள்மேல் பிரியமுள்ள ஒருவர் திரியைக் கிள்ளிக்கொண்டு நிற்பார். 'வேண்டாம்' என்று சொல்ல இப்போதே கண்ணாடி முன்னால் பழகிக்கொள்ளுங்கள். நானும் பழகிப் பார்க்கிறேன். இதுவரைக்கும், 'அட, எதுக்குப்பா இதெல்லாம்!' என்றுதான் வருகிறது.